விலங்கிலிருந்து பயணச்சீட்டு வரை: பயணிகள் கப்பல்களில் தடுத்துவைக்கும் அதிகாரத்தின் வரலாறு

2018 பிப்ரவரியில் மெல்பர்னிலிருந்து தென் பசிபிக் தீவுகளுக்குப் பத்து நாள் உலா சென்றது கார்னிவல் லெஜண்ட் என்ற சொகுசுக் கப்பல். பயணத்தின் நடுவே ஒரு பெரிய குடும்பத்தாருக்கும் மற்றப் பயணிகளுக்கும் கைகலப்பு மூண்டது. ஒரு நாளோடு ஓயவில்லை. கப்பலின் காவல் ஊழியர்கள் பயணிகளை உதைப்பதுபோல் தெரியும் காணொளிகளும் வெளியே பரவின. கடைசியில் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் ஈடன் என்ற சிற்றூருக்கு அருகே கப்பல் நின்றது. காவல்துறையினர் வந்து 23 பேரை இறக்கிக்கொண்டு போனார்கள்.

செய்தித்தாள்கள் சண்டையை எழுதின. இக்கட்டுரை கேட்பது வேறு கேள்வி. கைகலப்பு தொடங்கிய நேரத்துக்கும் காவலர் கப்பலேறிய நேரத்துக்கும் இடையே அந்தப் பயணிகள் யார் பொறுப்பில் இருந்தார்கள்? கப்பல் தலைவர் காவல் அதிகாரி அல்லர், நீதிபதியும் அல்லர். அவர் ஒரு நிறுவனத்தின் ஊழியர். காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய ஒருவரை அறையில் அடைக்கவும், கையில் விலங்கு மாட்டவும், வழியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கிவிடவும் அவருக்கு உரிமை எங்கிருந்து வந்தது? அதற்கு எல்லை உண்டா? இந்த உரிமைக்கு எட்டு நூற்றாண்டு வரலாறு உண்டு. அதன் போக்கு நேர்கோடாக இல்லை. நீதிமன்றங்கள் முயன்று போட்ட வேலியைப் பிற்காலச் சட்டமும் வணிக ஒப்பந்தமும் சத்தமில்லாமல் தாழ்த்தியிருக்கின்றன என்பதே நான் கண்ட முடிவு.

தலைவன் கையில் இருந்த நீதி

மூன்றாம் சிலுவைப் போருக்குக் கடல்வழி புறப்பட்டவர்களுக்காக இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு 1190இல் ஓர் ஆணை பிறப்பித்தார். கப்பலில் ஒருவனைக் கொன்றவன், கொல்லப்பட்டவனின் உடலோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் கடலில் எறியப்படுவான். கத்தியால் குத்தி இரத்தம் வரவழைத்தவன் கையை இழப்பான். இரத்தம் வராமல் வெறுங்கையால் அடித்தவனை மூன்று முறை கடலில் முக்கி எடுப்பார்கள். ஏசினால், ஏசிய ஒவ்வொரு முறைக்கும் ஓர் அவுன்சு வெள்ளி. திருடனுக்குத் தலையை மழித்து, காய்ச்சிய கீலை ஊற்றி, அதன்மேல் இறகுகளைத் தூவி, கப்பல் தொடும் முதல் கரையில் இறக்கிவிட வேண்டும்.

கொடூரமான பட்டியல்தான். ஆனாலும் இதில் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, குற்றத்துக்கு ஏற்ற தண்டனை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. ஏறுமுன்பே ஏறுபவனுக்குத் தெரியும். இரண்டாவது, சிறை என்ற பேச்சே இல்லை. அக்காலக் கப்பலில் ஒருவனை அடைத்துவைக்கத் தனி இடம் ஏது? அடைத்தால் சோறும் போட வேண்டும், காவலும் போட வேண்டும். அடி, அபராதம், இறக்கிவிடல் ஆகியவையே கடலுக்கு உகந்த தண்டனைகளாக இருந்தன. ‘அடுத்த கரையில் இறக்கிவிடு’ என்ற கடைசித் தண்டனை மட்டும் உருமாறி இன்றைய சொகுசுக் கப்பல்களிலும் வாழ்கிறது.

இடைக்காலத்து ஒலெரான் கடல் சட்டங்கள் போன்ற தொகுப்புகள் தலைவருக்கும் மாலுமிக்கும் இடையிலான உறவைத்தான் முதன்மையாகப் பேசுகின்றன. நம் பக்கத்திலும், தூத்துக்குடித் தோணிகளில் ‘தண்டல்’ என்று அழைக்கப்பட்டவரின் சொல் தோணியில் இருப்போர் எல்லாருக்கும் பொதுவாகவே இருந்தது. ஏனெனில் இருந்தவர்கள் அனைவரும் தொழிலாளிகள். கூலி வாங்காமல் கூலி கொடுத்து வரும் ‘பயணி’ கப்பலில் பெருகிய பிறகே சிக்கல் எழுந்தது. வேலைக்காரர்மேல் முதலாளிக்கு உள்ள அதிகாரம் வாடிக்கையாளர்மேலும் செல்லுமா?

1807: ஒரு பயணி வழக்குப் போடுகிறார்

இக்கேள்விக்கு ஆங்கில நீதிமன்றம் தந்த தொடக்ககால விடைகளில் முக்கியமானது பாய்ஸ் எதிர் பேலிஃப் வழக்கு. பிரான்சோடு போர் நடந்த காலம். எதிரிக் கப்பல்களோ என்று ஐயுறத்தக்க கப்பல்கள் கண்ணில் பட்டதும், தலைவர் பயணிகளுக்கும் ஆயுதம் கொடுத்து இடம் ஒதுக்கினார். ஒரு பயணிக்குக் கப்பலின் பின்மேடை ஒதுக்கப்பட்டது. அந்த மேடையில் நடக்கக் கூடாது என்று அதே தலைவர் முன்பு அவரைத் தடுத்திருந்தார். மானம் உறுத்தியது. மற்ற இடத்தில் நின்று போராடுகிறேன், அங்கே நிற்க மாட்டேன் என்றார் அவர். தலைவர் அவருக்கு விலங்கு மாட்டி, இரவு முழுவதும் அதே மேடையில் கிடத்தினார்.

விசாரித்த எல்லன்பரோ பிரபு, ஆபத்து நேரத்தில் பயணிக்கும் ஆணையிடத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த அதிகாரம் தேவையிலிருந்து பிறப்பது. தேவை முடிந்த இடத்தில் அதுவும் முடிகிறது. இரவெல்லாம் விலங்கில் கிடத்தியது கப்பலின் பாதுகாப்புக்கு வேண்டியதாக இருக்கவில்லை. பயணி வென்றார். ‘தேவை’ என்ற அளவுகோல் அன்று கடல் சட்டத்துக்குள் வந்தது. பின்வந்த வழக்குகள் எல்லாம் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தன. 1866இல் ஆல்ட்வொர்த் எதிர் ஸ்டூவர்ட் வழக்கிலும், கப்பலின் ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் அவசியம் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால்தான் பயணியை அடைக்கலாம் என்ற கருத்து உறுதிப்பட்டது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே கேள்வி வேறு திசையிலிருந்து வந்தது. ஹவாய்த் தீவிலிருந்து பாஸ்டனுக்குக் குடும்பத்தோடு பயணம் செய்த ஒருவர், வழிநெடுகத் தலைவர் இழிசொல்லாலும் தொல்லையாலும் தங்களை வதைத்ததாக வழக்குத் தொடுத்தார். சேம்பர்லெய்ன் எதிர் சாண்ட்லர் என்ற அந்த வழக்கில் 1823இல் நீதிபதி ஜோசப் ஸ்டோரி தீர்ப்பளித்தார். பயணி வாங்குவது கப்பலில் ஓர் இடத்தை மட்டுமல்ல, மதிப்பான நடத்தையையும், கண்ணியத்தையும், பாதுகாப்பையும் சேர்த்துத்தான் என்பது அத்தீர்ப்பின் சாரம். தவறு செய்யும் பயணியைப் பற்றிப் பேசும்போது தவறு செய்யும் தலைவரை மறந்துவிடுகிறோம். ஸ்டோரி மறக்கவில்லை. எனவேதான் இத்துறையின் எல்லாத் தீர்ப்புகளிலும் இதை நான் உயரத்தில் வைக்கிறேன்.

ஏழு மணிக்கு எழ வேண்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலட்சக்கணக்கானோர் ஐரோப்பாவை விட்டு அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடியேறினார்கள். அவர்களை ஏற்றிச்சென்ற கப்பல்களுக்குப் பிரிட்டிஷ் அரசு நடத்தை விதிகளை அரசாணையாகவே வெளியிட்டது. மருத்துவர் விலக்கு அளித்தாலன்றி எல்லாரும் காலை 7 மணிக்கு எழ வேண்டும். இரவு 10 மணிக்குப் படுக்க வேண்டும். தளங்களுக்கு இடையே புகைபிடிக்கக் கூடாது, மூடாத விளக்கு எரியக் கூடாது. சூதாட்டமும் சண்டையும் கூடாது. துப்பாக்கியும் வாளும் ஏறியவுடன் தலைவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இவற்றில் பல தீ விபத்துக்கும் நோய்க்கும் அஞ்சி எழுந்தவை. மரக் கப்பலில் ஒரு தீப்பொறி எத்தனை உயிரைக் கொண்டுபோகும் என்பதை நினைத்தால், புகைபிடித்தவனைக் கண்டித்த தலைவர்மேல் நமக்குக் கோபம் வராது.

நம் முன்னோர் சென்ற கப்பல்களும் இக்காலத்தவையே. சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. இப்படிச் சென்ற கப்பல்களில் குடியேறிகளின் நலமும் ஒழுங்கும் கப்பல் மருத்துவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. தலைவரின் அதிகாரத்துக்கு இது ஓரளவு கடிவாளம். ஆனால் தன் மொழி தெரியாத மருத்துவரிடம், தன் பெயரைக்கூடப் பட்டியலில் பிழையாக எழுதிக்கொண்ட ஒரு நிர்வாகத்திடம், ஒரு கூலி எப்படி முறையிட்டிருப்பார்? முதல் வகுப்புப் பயணி இலண்டனில் வழக்குத் தொடுக்கலாம். அடித்தளத்துப் பயணிக்கு அது எட்டாத கனி. வழக்குப் பதிவுகளை மட்டும் வைத்து இந்த வரலாற்றை எழுதினால், வழக்காட வசதி இருந்தவர்களின் வரலாறாகவே அது நின்றுவிடும். இக்கட்டுரையும் அந்தக் குறையிலிருந்து முழுமையாகத் தப்பவில்லை.

1894: மாலுமிக்குக் கிடைத்தது, பயணிக்குக் கிடைக்காதது

பிரிட்டனின் 1894ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் பயணிகளின் ஒழுங்கீனத்தை முறையாக வகைப்படுத்தியது. குடித்துவிட்டு ஏறுதல், இறங்கச் சொன்னால் மறுத்தல், பிற பயணிகளைத் தொல்லைப்படுத்தல் ஆகியவை குற்றங்களாயின. குடிபோதையில் இருப்பவரை ஏற்ற மறுக்கவும், ஏறியிருந்தால் வசதியான இடத்தில் இறக்கிவிடவும் உள்நாட்டுப் பயணிக் கப்பல்களின் தலைவருக்கு அதிகாரம் வந்தது.

அதே சட்டத்தின் இன்னொரு பிரிவே என்னை நிறுத்தி வைத்தது. அது மாலுமிகளைப் பற்றியது. மாலுமி ஒழுங்கு தவறினால் அதைக் கப்பலின் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் எழுத வேண்டும். தலைவரோடு இன்னொருவரும் கையொப்பமிட வேண்டும். எழுதியதன் நகலை அந்த மாலுமியிடம் தர வேண்டும், அல்லது அவர் காதில் விழும்படி தெளிவாகப் படித்துக்காட்ட வேண்டும். அவர் சொல்லும் பதிலையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இந்தியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தது.

குற்றச்சாட்டைச் சொல், பதிலைக் கேள், இரண்டையும் எழுது. நடுக்கடலில், நீதிமன்றம் இல்லாத இடத்தில், இதைவிட எளிய நியாயம் வேறில்லை. கரி அள்ளிப்போட்ட ஒரு தொழிலாளிக்கு 1894இல் உறுதிசெய்யப்பட்ட இந்த வாய்ப்பு, பயணிக்கு அப்படி எழுதித் தரப்படவில்லை. பயணி அரிதாகவே தவறு செய்வார், செய்தால் கரையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் காரணமாக இருந்திருக்கலாம். அந்த எண்ணத்துக்கு அன்று நியாயம் இருந்தது. இன்று இல்லை.

பெரிய நீராவிக் கப்பல்களில் ஒழுங்கு காக்க ‘மாஸ்டர்-அட்-ஆர்ம்ஸ்’ என்ற பதவி இருந்தது. கடற்படையிலிருந்து வந்த பெயர். டைட்டானிக்கில் இப்பதவியில் இருவர் இருந்தார்கள். அக்கப்பலைப் பற்றிய திரைப்படத்தில் கதைநாயகன் குழாயோடு விலங்கிடப்பட்டிருக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதவி ஓரளவு நினைவிருக்கும். சுமார் 2,200 பேருக்கு இரண்டு காவலர் என்ற கணக்கு, அன்றைய பயணிகளிடம் எவ்வளவு குறைவான ஒழுங்கீனம் எதிர்பார்க்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

1910 ஜூலையில் நடந்த ஒன்று தலைவரின் தனிமையைக் குலைத்தது. மனைவியைக் கொன்றதாகத் தேடப்பட்ட கிரிப்பன், ஆண்வேடமிட்ட துணைவியோடு ஆன்ட்வெர்ப்பிலிருந்து மான்ட்ரோஸ் கப்பலில் கனடாவுக்குப் புறப்பட்டார். தலைவர் ஹென்றி கெண்டல் அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் விலங்கு மாட்டவில்லை. கம்பியில்லாத் தந்தி மூலம் கரைக்குச் செய்தி அனுப்பிவிட்டு, எதுவும் தெரியாதவர்போல் அவர்களோடு பழகினார். விரைவுக் கப்பலில் முந்திச்சென்ற காவல் ஆய்வாளர் ட்யூ, ஜூலை 31 அன்று கியூபெக் அருகே மான்ட்ரோஸில் ஏறிக் கைதுசெய்தார். அதுவரை கடலில் தலைவரே கடைசி அதிகாரி, கேட்க வேறு ஆள் இல்லை. தந்தி வந்த பிறகு கரை எப்போதும் செவி எட்டும் தூரத்தில் இருக்கிறது. ‘வேறு வழியில்லை’ என்ற பழைய வாதம் அன்றே பாதி வலுவை இழந்திருக்க வேண்டும். சட்டம் அதைக் கவனிக்கவில்லை.

1953இன் அளவுகோலும் 1995இன் சொல்மாற்றமும்

ஹூக் எதிர் குனார்டு என்ற 1953ஆம் ஆண்டு வழக்கில் அடைக்கப்பட்டவர் பயணி அல்லர், கப்பல் பணியாளர். ஒரு சிறுமியிடம் தவறாக நடந்தார் என்று குற்றச்சாட்டு. தலைவர் அவரை அடைத்தார். நீதிபதி ஸ்லேடு தெளிவான அளவுகோலை வகுத்தார்: கப்பலின் ஒழுங்குக்கோ பாதுகாப்புக்கோ அடைத்துவைப்பது அவசியம் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், தலைவர் உண்மையாகவே அப்படி நம்பியும் இருக்க வேண்டும், முறையும் கால அளவும் நியாயமாக இருக்க வேண்டும். மாலுமி, பயணி யாராயினும் இதே அளவுகோல். அந்த வழக்கில் தலைவர் அவசியம் என்று நம்பி அடைக்கவில்லை, சிறுமியின் பெற்றோரைச் சமாதானப்படுத்தவே அடைத்தார் என்று நீதிமன்றம் கண்டது. எனவே அது சட்டவிரோதக் காவல்.

இத்தீர்ப்பு குற்றச்சாட்டை அற்பமாக்கவில்லை. குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததா என்பதை விசாரிக்கக் கரையில் ஆட்கள் உண்டு. அதற்காகத் தலைவர் செய்ய வேண்டியவையும் பல. மற்றவரின் கோபத்தைத் தணிக்க ஒருவரின் உடலைச் சிறைவைப்பது மட்டும் அவற்றுள் ஒன்றல்ல என்றது தீர்ப்பு.

பிரிட்டனின் 1995ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 105ஆம் பிரிவை இதன் அருகே வைத்துப் படிக்க வேண்டும். பாதுகாப்புக்கோ ஒழுங்குக்கோ தேவை என்றோ உசிதம் என்றோ தலைவருக்குத் ‘தோன்றினால்’, அப்படித் தோன்றும் காலம்வரை, எவரையும் கட்டுப்பாட்டில் வைக்கலாம் என்கிறது அது. தேவை வேறு, உசிதம் வேறு. நியாயமான காரணம் வேறு, தோன்றுவது வேறு. நூற்றைம்பது ஆண்டுகளாக நீதிபதிகள் செதுக்கிய வரம்பு இங்கே இரண்டு சொற்களில் தளர்கிறது. ‘அப்படித் தோன்றும் காலம்வரை’ என்ற தொடர் மட்டுமே எஞ்சிய கடிவாளம்.

மிதக்கும் நகரம், அதன் தடுப்பறை

உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கப்பலாகக் கருதப்படும் ஜெர்மானிய பிரின்சஸ்ஸின் விக்டோரியா லூயிசே 1900இல் வெள்ளோட்டம் விடப்பட்டது. அதில் சென்றவர்கள் செல்வந்தர்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய 1920 முதல் 1933 வரையான காலத்தில், குடிப்பதற்காகவே கடலுக்குள் போய்த் திரும்பும் குறும்பயணங்கள் பெருகின. மதுவுக்கும் சொகுசுக் கப்பலுக்கும் அன்று விழுந்த முடிச்சு இன்றும் அவிழவில்லை. 1972இல் தொடங்கிய கார்னிவல் போன்ற நிறுவனங்கள் நடுத்தர வர்க்கத்தைக் கடலுக்கு அழைத்தன. 2024 ஜனவரியில் முதல் பயணம் புறப்பட்ட ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் ஏறத்தாழ 7,600 பயணிகளும் 2,350 பணியாளர்களும் இருக்க முடியும். நம் ஊர்க் கணக்கில் இது ஒரு பேரூராட்சி. பேரூராட்சியில் குடி, சண்டை, திருட்டு, பாலியல் வன்முறை எல்லாம் நடக்கும். அங்கே காவல் நிலையம் இருக்கும், கப்பலில் அது இல்லை.

பாதுகாப்புப் படை இருக்கிறது. 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கப்பல் பாதுகாப்பு விதித்தொகுப்பு, ஒவ்வொரு பன்னாட்டுப் பயணிக் கப்பலிலும் பாதுகாப்பு அதிகாரி ஒருவரைக் கட்டாயமாக்கியது. முன்னாள் படைவீரர்கள் பலர் இவ்வேலைக்கு வருகிறார்கள். ஒழுங்கு தவறிய பயணி படிப்படியாகக் கையாளப்படுகிறார். முதலில் எச்சரிக்கை. பிறகு அவர் அறைச்சாவி அட்டையில் மது வாங்கும் வசதி நிறுத்தப்படும், ஏனெனில் அந்த அட்டைதான் கப்பலில் பணமும்கூட. அடுத்தது அறைக்காவல்: தன் அறையிலேயே இருக்க வேண்டும், வெளியே ஒரு காவலர் நிற்பார், சாப்பாடு அறைக்கு வரும். அதற்கும் மேல், கீழ்த்தளத்தில் பாதுகாப்பு அலுவலகத்தை ஒட்டிய தடுப்பறை. ஆங்கிலக் கப்பல் வழக்கில் அதற்குப் ‘பிரிக்’ என்று பெயர். சாளரம் இல்லாத சிறு அறை, மோதிக்கொண்டாலும் காயம் படாதபடி மெத்தை பதித்த சுவர், தரையோடு பொருத்திய படுக்கை, கழிவறை, ஓயாமல் பார்க்கும் கேமரா. கடைசியில் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். ஊர் திரும்பும் செலவு பயணியுடையது. வாழ்நாள் தடையும் விழலாம்.

அறைக்காவல் இலேசான தண்டனை என்று நினைப்பவர்கள் 2020 பிப்ரவரியில் யோக்கோஹாமாவில் நின்ற டைமண்ட் பிரின்சஸ் கப்பலை நினைத்துப் பார்க்கலாம். அது தண்டனை அன்று, தொற்றுக்கால ஒதுக்கம். ஆணை ஜப்பானிய அரசுடையது. 3,711 பேர் இருந்த கப்பலில் 712 பேருக்குக் கொரோனா கண்டது. 138 இந்தியர்கள் அதில் இருந்தார்கள். சாளரமற்ற உள்ளறைகளில் நாட்களைக் கழித்தவர்கள் எதைக் கடந்தார்கள் என்பதை அப்போது உலகமே கேட்டது.

ஒழுங்கு தவறிய பயணிமேல் எடுக்கப்படும் நடவடிக்கைகளுக்கெல்லாம் இன்று முதன்மை ஆதாரமாகக் காட்டப்படுவது சட்டப் பிரிவு அன்று, பயணச்சீட்டு ஒப்பந்தம். தலைவரின் சொந்த முடிவுப்படி பயணியை அறையில் அடைக்கலாம், இறக்கிவிடலாம், பணம் திருப்பித் தரப்படாது என்று அதில் இருக்கும். படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தொட்டுவிட்டுப் போகிறோம். கார்னிவல் எதிர் ஷூட் வழக்கில் 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சீட்டில் அச்சிட்டிருந்த நிபந்தனைப்படி வழக்கைப் புளோரிடாவில்தான் தொடுக்க வேண்டும் என்பதை ஏற்றது. வழக்குப் போட்டவர்கள் நாட்டின் மறுகோடியில் வாஷிங்டன் மாநிலத்தில் வாழ்ந்தவர்கள். 1807இல் பயணிக்கு நீதிமன்றக் கதவு திறந்தது. 1991இல் அந்தக் கதவு எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதை நிறுவனம் தீர்மானிக்கலாம் என்றாயிற்று.

இதனோடு கொடிச் சிக்கலும் சேர்கிறது. நடுக்கடலில் கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் அதிகாரமே செல்லும் என்கிறது 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. பெரிய சொகுசுக் கப்பல்கள் பலவும் பகாமாஸ், பனாமா கொடிகளின் கீழ் ஓடுகின்றன. ஆஸ்திரேலியரை ஆஸ்திரேலியர் தாக்கினாலும் முதல் விசாரணைப் பொறுப்பு தொலைதூரக் கொடிநாட்டுக்குப் போய்விடலாம். 2002இல் பசிபிக் ஸ்கை கப்பலில் ஒரு பெண் பயணி இறந்ததும், 2005இல் மத்தியதரைக் கடலில் தேனிலவுப் பயணி ஒருவர் காணாமற்போனதும், குற்றத்துக்கு ஆளானவர்களின் குடும்பங்களைப் போராட வைத்தன. அவர்களின் ஓயாத முறையீட்டால் அமெரிக்கா 2010 ஜூலையில் கப்பல் பயணப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 250 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் கப்பல்கள் அறைக்கதவில் பார்வைத் துளை வைக்க வேண்டும், மேல்தளக் கைப்பிடி 42 அங்குல உயரம் இருக்க வேண்டும், கடுமையான குற்றங்களை எஃப்.பி.ஐ.க்குத் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு இது பெரிய வெற்றி. தடுத்துவைக்கப்பட்டவரின் உரிமை அச்சட்டத்தின் அக்கறை அன்று.

ஆகாயத்தில் நிலை வேறு. விமானத் தலைவர் எப்போது ஒருவரைக் கட்டுப்படுத்தலாம், இறங்கியதும் யாரிடம் எப்படி ஒப்படைக்க வேண்டும் என்பதை 1963ஆம் ஆண்டு டோக்கியோ உடன்படிக்கை வரையறுத்தது. சில மணி நேரப் பறப்புக்கு இவ்வளவு ஏற்பாடு. பத்து நாள் கடற்பயணத்துக்கு அதற்கு இணையான உடன்படிக்கை கிடையாது. 1985இல் அக்கில்லே லாரோ கப்பல் கடத்தப்பட்ட பிறகு 1988இல் ரோமில் கையெழுத்தான உடன்படிக்கை, குற்றம் சாட்டப்பட்டவரை வேறு உறுப்புநாட்டிடம் ஒப்படைக்கத் தலைவருக்கு வழி தருகிறது. அது கடற்பயணத்தின் பாதுகாப்பைக் குலைக்கும் பெருங்குற்றங்களுக்கு மட்டும். மதுக்கூடத்தில் நாற்காலி வீசியவருக்கு அது பொருந்தாது.

இவை இனி நமக்கு அயலூர்ச் செய்திகள் அல்ல. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா சொகுசுக் கப்பல் புறப்பட்டது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு ‘குரூஸ் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கியது. 2025இல் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அதன் கீழ் விதிகள் வகுப்போருக்கும், அவர்களிடம் கருத்துச் சொல்ல வாய்ப்புள்ள வழக்கறிஞர்களுக்கும் கடல்சார் கல்வியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பயணி அடைக்கப்பட்டால், காரணம் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். அவர் பதில் பதிவேட்டில் ஏற வேண்டும். அடைத்த நேரமும் விடுவித்த நேரமும் எழுதப்பட வேண்டும். நகல் ஒன்று அவர் கையில் தரப்பட வேண்டும். 1894இல் ஒரு மாலுமிக்குத் தந்ததை இன்றைய பயணிக்கும் தாருங்கள்.